டீச்சர் மாமியார் என்ற பதவி

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பதவிதான் கிடைத்தது. அதுவும் நான் சம்பாதித்தது இல்லை, மருமகள் கொண்டு வந்தது. டீச்சர் மாமியார்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் ஆண்டுப் பரீட்சை எழுதவில்லை. அன்றைக்கு எங்கள் ஆடு குட்டி போடுகிற மாதிரி நின்றது. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அதற்குக் கஷ்டம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆடு மறுநாள்தான் குட்டி போட்டது. அப்படிப்பட்ட என் வீட்டுக்குத் திண்டுக்கல் டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த பெண் மருமகளாக வந்தாள். இந்த எழுத்தைத் திருத்துவதும் அவள்தான். வேலையை விட்டும் சிவப்புப் பேனா கையை விட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர் டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சம்பங்கியும் கனகாம்பரமும் போட்டிருக்கிறோம். அவள் வந்த பிறகு பூ மார்க்கெட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு இடம் விட்டார்கள். ரேஷன் கடையில், "டீச்சர் மாமியார் நிக்கிறாக, மொதல்ல போட்டு அனுப்புங்கப்பா" என்றார்கள். ஒருத்தி புடைக்கிற சொளகு நிறைய மொச்சையைக் கொண்டு வந்து, பேரனைக் கணக்கில் எப்படியாவது பாஸாக்கச் சொல்லுங்கள் என்றாள். "சொல்லி வைக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். மருமகளிடம் மூச்சு விடவில்லை. மொச்சையைக் குழம்பு வைத்தேன். பையன் பாஸானால் என்னால், பெயிலானால் அவனால். இதைவிட நல்ல உத்தியோகம் உண்டா?

ஒருநாள் சாயங்காலம், பையைக்கூடக் கீழே வைக்காமல், "அத்தை, நான் வேலைய விடப்போறேன்" என்றாள்.

"ஐயோ, வேணாம் ஆத்தா" என்று பதறினேன். அவளுக்காக இல்லை. அந்தப் பஸ் சீட்டுக்காக.

அவள் சொன்ன காரணங்களில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம். கோடை லீவு விட்டால் டீச்சர்களைத் தெருத் தெருவாக அனுப்பி, வீட்டு வாசலில் நின்று பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்கச் சொல்வார்கள். அய்யலூர் வரைக்கும் போய் வந்திருக்கிறாள். அங்கே ஆட்டுச் சந்தையில் ஒருத்தன் இவள் கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "கிடாய்க்கு என்ன வெல சொல்றீங்க?" என்று கேட்டானாம். தொண்டை வேறு போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டுவாள்.

ஆனால் உண்மையான காரணம் எங்கள் வீட்டுக்காரரின் இருமல். அது விடாமல் இழுத்தபோது, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க அவரைக் கூட்டிப் போனது இவள்தான்.

"அந்த ரூம்ல ஒரே ஒரு பொண்ணுதான் அத்தை இருந்துச்சு. மூச்ச இழுங்கன்னுச்சு, மாமா இழுத்தாரு. பிடிங்கன்னுச்சு, பிடிச்சாரு. ஒரு சொல்லுக்குக் கேட்டு நடக்குற ரூம நான் இப்பத்தான் பாக்குறேன்."

"அவரு பயத்துல பிடிச்சிருப்பாரு ஆத்தா."

"இருக்கட்டும். படம் வந்துச்சுல்ல, உள்ள என்ன இருக்குன்னு அம்புட்டும் தெரியுது. எங்கிட்டப் படிக்கிற பிள்ளைக மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு பன்னெண்டு வருசமா எனக்குத் தெரியல."

முப்பத்தாறு வயதில் எக்ஸ்ரே எடுக்கிற படிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடம். என் மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்குக் காய்கறி ஏற்றிவிடுகிற வேலையில் இருக்கிறான். அவனிடம் போனில் சொன்னால் தடுப்பான் என்று நினைத்தேன். "ஏம்மா, தக்காளி நசுங்குது, அவ இஷ்டப்படி செய்யச் சொல்லு" என்று வைத்துவிட்டான். ஊரில் கேட்டவர்களிடம், "மேல்படிப்பு படிக்கிறா" என்றேன். "டாக்டருக்கா?" என்றார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அந்தப் பக்கந்தான்" என்றேன்.

படிப்பு முடிகிற கட்டத்தில் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் பயிற்சிக்குப் போட்டார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா கறாரானவர். ஒழுங்காகச் செய்தால் இங்கேயே வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பழைய பள்ளிக்கூடத்துக்காரர் இன்னொரு பக்கம் போன் போட்டு, "ஜூன்ல ஸ்கூல் தொறக்குற வரைக்கும் உங்க எடத்தக் காலியா வச்சிருக்கேன் டீச்சர்" என்று கொக்கி போட்டு வைத்திருந்தார். வேறெங்கும் இவள் வயதுக்கு வேலை கொடுக்கிறவர்கள் இல்லை. அந்த நர்சிங் ஹோம், இல்லாவிட்டால் மறுபடியும் ஆட்டுச் சந்தை. இரண்டில் ஒன்று.

முதல் வாரமே ஒரு பிசகு செய்துவிட்டாள்.

நெஞ்சுக்குப் படம் எடுக்கும்போது கழுத்தில் சங்கிலி கிங்கிலி எதுவும் கிடக்கக் கூடாது. கிடந்தால் அது படத்தில் வெள்ளையாக விழுந்து, பின்னால் இருப்பதை மறைத்துவிடும். நத்தம் பக்கமிருந்து கல்யாணமாகி மூன்று மாதமான ஒரு பெண் வந்திருக்கிறாள். கூடவே அவள் மாமியார். நம்ம ஆள் பன்னிரண்டு வருடம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கப் பேசிப் பழகியவள். அதே குரலில், "தாலியக் கழட்டி இந்தத் தட்டுல வைங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அம்புட்டுப் பேருக்கும் கேட்டிருக்கிறது. புதுப்பெண்ணைப் பார்த்து யாராவது அந்தச் சொல்லை அப்படியே சொல்வார்களா? அந்த மாமியார், "எங்க வீட்டுப் பிள்ளையப் பாத்து என்ன வார்த்த சொல்லிட்ட" என்று மருமகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். நம் பக்கத்தில் டாக்டர்களே, "அதைக் கொஞ்சம் ஒதுக்குங்க" என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கும் வருத்தமாக இருந்தது. ஆனால் என் புத்தி என்னவென்றால், வருத்தம் வந்தால் எதையாவது செய்து கெடுத்துவிட வேண்டும்.

"நீ பழகலத்தா, அதான். நான் பேஷண்டா வாரேன். நீ என்னய வச்சுப் பழகு" என்றேன்.

சொளகைச் சுவரில் ஆணியில் மாட்டினோம். அதுதான் மிஷின். நெஞ்சை அதில் ஒட்டி, தாடைக்குக் கீழே நாடியைத் தூக்கி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, முழங்கையை முன்னால் தள்ளி நிற்க வேண்டும். சண்டைக்குப் போகிறவள் நிற்கிற நிற்பு. எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எனக்கு யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டுகிற வியாதி உண்டு. ஒருநாள் சந்தைக்கு வந்த ஆட்டுக்காரர் பெண்டாட்டியானேன். வெற்றிலைப் பையை விட மாட்டேன் என்றேன். இன்னொரு நாள் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து அம்மாவாக மாறி, "ஏனுங்க கண்ணு, இந்த லைட்டு பட்டா கருத்துப் போயிருவனுங்களா?" என்றேன். "ஏற்கனவே கருப்புதான அத்தை" என்றாள். "அது உங்க அத்தைங்க. நான் ஒட்டன்சத்திரமுங்க" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, டிக்கெட் வாங்காமல் சர்க்கஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லா வேஷத்துக்கும் கடைசிக் காட்சி ஒன்றுதான். "தாலியெல்லாம் கழட்ட மாட்டேன்." அதற்கு நான் அழுவேன், புரளுவேன், சாமி வந்த மாதிரி ஆடுவேன். அவள் பதிலுக்குப் பேசுவாள். நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். ஒரு வாரத்தில் என்னை மடக்குகிற அளவுக்குத் தேறிவிட்டாள். "இந்த நடிப்பெல்லாம் எங்கிட்ட வேணாம், கழட்டுங்க" என்று அவள் கண்டிப்பாகச் சொன்னால் நான் கழற்றுகிற மாதிரி பாவனை செய்து தோற்றுப் போவேன். நல்ல பயிற்சி கொடுக்கிறோம் என்று எனக்கு மிதப்பு.

அந்த மிதப்பில் மண் விழுந்தது. அடுத்த வாரம் நிஜமாகவே ஒட்டன்சத்திரத்துப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். பாவம், தன்மையாகத்தான் கேட்டிருக்கிறார். "ஏனுங்க, தாலிக் கவுறு கழட்டோணுங்களா?" நான் பேசிக்காட்டிய அதே பேச்சு. இவள் வாயிலிருந்து பழக்க தோஷத்தில், "இந்த நடிப்பெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்று வந்துவிட்டது.

அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாராம்.

டாக்டரம்மா கூப்பிட்டு, "இன்னொரு பேஷண்ட் இப்படி எந்திரிச்சுப் போனா நீ ஸ்கூலுக்கே போயிரும்மா. அங்கதான் பிள்ளைங்க எந்திரிச்சுப் போக முடியாது" என்றாராம்.

அன்றைக்கு அவள் அழவில்லை. சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு அத்தை" என்று மட்டும் சொன்னாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இவள் எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் குழம்பைக்கூடச் சொன்னதில்லை. அப்போதுதான் முதல்முறையாக, பஸ் சீட்டு போனால் போகட்டும் என்று தோன்றியது.

தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். "நாளைக்கி இன்னும் கடுசான பேஷண்டா வாரேன்" என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மயங்கி விழுகிற நோயாளி வேஷம். அதில் நான் புகுத்திய புது அம்சம், நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு சாய்வது. சாய்ந்தால் கட்டிலில் விழுவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு. கிரைண்டர் விளிம்பில் விலா இடிக்கக் கீழே விழுந்தேன்.

"அம்மா" என்றேன்.

"நல்லா இருக்கு அத்தை. போதும், எந்திரிங்க" என்றாள் மருமகள்.

"ஏத்தா, நெசமாலுமே வலிக்கிது."

"இதத்தான் போன வாரமும் சொன்னீங்க."

எங்கள் வீட்டுக்காரர் கைதட்டினார். கண்ணீர் வந்த பிறகுதான் இருவரும் பதறி ஓடி வந்தார்கள். அதுவரைக்கும் என் நடிப்பை யாரும் சந்தேகப்படவில்லை என்பதில் வலியிலும் ஒரு சின்னப் பெருமை.

ராத்திரி தைலம் தேய்த்தும் கேட்கவில்லை. மூச்சு விட்டால் குத்தியது. காலையில் அவள் வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே என்னையும் அவரையும் ஏற்றிப் போனாள். டாக்டரம்மா விலாவை அமுக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்குப் படம் எழுதினார். எடுக்க வேண்டியது யார்? என் மருமகள்.

உள்ளே போனேன். ரூம் குளுகுளுவென்று இருந்தது. சொளகு இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பலகை. நான் அதன் முன்னால் போய் நிற்பதற்குள், "அத்தை, அதக் கொஞ்சம் ஒதுக்கணும்" என்று மெதுவாகக் கழுத்தைக் காட்டினாள். நல்ல பிள்ளையாகத்தான் கேட்டாள்.

என் கை தானாகப் போய்த் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டது. நான் பிடிக்கச் சொல்லவில்லை.

"இன்னைக்கி வெள்ளிக்கெழம ஆத்தா" என்றேன்.

"வெளையாடாதீங்க அத்தை. வெளிய ஆளு நிக்கிறாங்க."

"வெளையாட்டு இல்ல. மஞ்சக் கெழங்கும் கயிறும் வாங்கியாரச் சொல்லு. அதக் கட்டிக்கிட்டு இதக் கழட்டுறேன்."

"கட திண்டுக்கல்லுல எங்க இருக்குன்னு தேடி, வாங்கி, மாமா நடந்து வந்து சேர மத்தியானம் ஆயிரும்."

கதவுக்கு வெளியே நின்றிருந்த எங்கள் வீட்டுக்காரருக்கு இது கேட்டுவிட்டது. "ஏய், நான் இந்தா நிக்கிறேன். நீ கழட்டுனா நான் என்ன விழுந்துருவேனா?" என்றார்.

"நீங்க நிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். செவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக."

"நாப்பத்தஞ்சு வருசமா உன்னக் கட்டியே சாகல. இதுலயா சாகப்போறேன்?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாளாக ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல அழுது புரண்டு காட்டிச் சிரித்தவள், அந்த இடத்தில் நின்றபோது அவர்கள் எல்லோரையும்விட மோசமாக இருந்தேன். அவர்களுக்காவது ஒரு காரணம் இருக்கும். எனக்கு இருந்தது அவர் இருமிய மாதங்கள்தான். பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவர் இழுக்கிற மூச்சைக் கேட்டுக்கொண்டே இந்தக் கொடியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கை பழகிவிட்டது போல.

"படம் வேணாம். தைலம் போதும். நான் கெளம்புறேன்" என்று கதவைப் பார்த்து நடந்தேன்.

கதவில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. எழுந்து போகிற மூன்றாவது பேஷண்ட் நான். தூரத்தில் டாக்டரம்மா, "என்ன அங்க சத்தம்?" என்று கேட்டார். நான் திரும்பி மருமகளைப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. பரீட்சை பேப்பரில் கடைசிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் போல என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் போகவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிட்டத்தில் வந்தாள். கடைசி பெஞ்சுக் குரல் இல்லை. வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடாமல் பேசுகிற குரல்.

"கழட்ட வேணாம் அத்தை. செத்த நேரம் வாயில கவ்விக்கிறீங்களா?"

"என்னது?"

"ஸ்கூல்ல பிள்ளைக ஐடி கார்டு கயித்தத் தூக்கி எப்பப் பாத்தாலும் வாயில கடிச்சுக்கிட்டு நிக்கும். வாயில வைக்காத, வாயில வைக்காதன்னு பன்னெண்டு வருசமா கத்தியிருக்கேன். அதுக வாயில வச்சா கார்டு நெஞ்சுல கெடக்காது, மேல ஏறிரும். அதான்."

கொடியை அவளே மெல்லத் தூக்கி, மடித்து, என் பல்லுக்கு நடுவில் கொடுத்தாள். என்னைத் திருப்பிப் பலகையில் ஒட்ட வைத்தாள். நாடியைத் தூக்கிவிட்டாள். கையை இடுப்பில் நானே வைத்துக்கொண்டேன்.

"மூச்ச மூக்கால இழுங்க. வலிக்கும், ஆனா இழுங்க. பிடிங்க."

பிடித்தேன். வீட்டில் இந்த இடத்தில்தான் எப்போதும் சிரித்துவிடுவேன். வாயில் தாலியைக் கவ்விக்கொண்டு யாரும் சிரித்துவிட முடியாது. எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம்.

"விடுங்க" என்றாள். மூச்சைச் சொன்னாள். நான் மூச்சை விட்டேன். வாயை விடச் சொல்லவில்லை என்று அப்படியே நின்றேன்.

டாக்டரம்மா வந்து கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தார். மருமகள் பக்கத்தில் விரலைப் பின்னிக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். விலா எலும்பு வரிசையாகப் பனைமட்டை போலத் தெரிந்தது. மேலே ஒன்றும் விழவில்லை. என் வாயைத் தவிர எனக்குள் இம்புட்டு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

"எலும்பு விடல. வெறும் அடிதான்" என்றார் டாக்டரம்மா. "படம் சுத்தமா இருக்கே. அவ்வளவு சத்தம் போட்டாங்க, அப்புறம் கழட்டிட்டாங்களா?"

"கழட்டல டாக்டர். அங்க பாருங்க" என்று மருமகள் என்னைக் காட்டினாள்.

டாக்டரம்மா என் வாயைப் பார்த்தார்.

கதவருகில் இருந்து எங்கள் வீட்டுக்காரர், "டாக்டர், அத எடுக்கச் சொல்லாதீங்க. ஊருக்குப் போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அடுத்த ஆளக் கூப்பிடும்மா" என்றார். அவ்வளவுதான். பாராட்டும் இல்லை, வேலை உண்டு என்ற பேச்சும் இல்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குத்தான் ஏமாற்றமாக இருந்தது. விலாவைக் கொடுத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அதன் பிறகு எங்கள் வீட்டில் சொளகு ஆணியிலிருந்து இறங்கிப் புடைக்கப் போய்விட்டது. அவளுக்குப் பழக ஆள் தேவைப்படவில்லை. "அதக் கொஞ்சம் வாயில வச்சுக்கங்கம்மா" என்றால் கிழவிகள்கூடச் சிரித்துக்கொண்டே கவ்விக்கொள்கிறார்களாம். யாரும் எழுந்து போகவில்லை. நான் மட்டும், "யாராச்சும் தகராறு பண்ணாகளா?" என்று தினமும் கேட்பேன். இல்லை என்றால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தாள். தண்ணீர் குடித்தாள். "டாக்டர் இருக்கச் சொல்லிட்டாங்க அத்தை" என்றாள். பிறகு உள்ளே போய் மாவு பிசைய ஆரம்பித்துவிட்டாள். அவள் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. தொண்டைக் கட்டு இல்லை அது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்காரர் போன். அவள் கையெல்லாம் மாவு. "நீங்களே சொல்லிருங்க அத்தை" என்றாள்.

அந்த மனிதரிடம் ஒருநாளாவது பேச வேண்டும் என்று எனக்கு எத்தனையோ வருட ஆசை. ஆண்டு விழாவுக்குப் போனால் அவர் கண்ணில் படுகிற மாதிரி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை.

"டீச்சர், ஜூன் மாசம் வந்துருவீங்கல்ல?" என்றார்.

"அவ வர மாட்டாளுங்க. அவளுக்கு ஆஸ்பத்திரியில வேலை உறுதியாயிருச்சு. எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

"நீங்க யாரும்மா பேசுறது?"

பழைய பதவி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"நானுங்களா? அவகிட்ட ஒழுங்காப் படம் எடுத்துக்கிட்ட மொத பேஷண்டு" என்றேன்.

அடுப்படியிலிருந்து, "ஒழுங்காவா?" என்று கேட்டது.